கச்சேரிப் பதிவைத் தபாலில் போடும் முன்

நாதஸ்வரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலம் கோவில்பட்டியில் வாழ்ந்தவர். எங்கள் சாத்தூரிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடலாம். 1964இல் மறைந்தார். கல்யாண வீடுகளிலும் கோயில்களிலும் அவர் வாசித்ததில் கொஞ்சமாவது இன்று நம் காதில் விழுகிறதென்றால், ரசிகர்கள் அதை டேப்பில் பிடித்து, படியெடுத்து, ஊர்விட்டு ஊர் அனுப்பிக் காப்பாற்றியதுதான் காரணம். கேசட் போய் பென் டிரைவ், மெமரி கார்டு வந்தபின்னும் அந்த வழக்கம் நடக்கிறது. நடக்க வேண்டும் என்பதே என் ஆசையும். ஆனால் பதிவு செய்தவருக்கு உரிமை எதுவரை, வாசித்தவருக்கு எதுவரை என்பது அனுப்புகிற பலருக்கும் தெரிவதில்லை.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், மேடையேறுகிறவர்களுக்கென்று தனி உரிமை 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் சேர்ந்தது. 2012இல் அது வலுப்பெற்றது. பாடகர், வாத்தியக்காரரோடு கழைக்கூத்தாடியையும் பாம்பாட்டியையும்கூடச் சட்டம் நிகழ்த்துக் கலைஞர் என்றே சொல்கிறது. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஆடியில் வரும் நையாண்டி மேளக்காரருக்கும், கோயில் பொங்கலில் விடிய விடிய ஆடும் கரகாட்டக் கலைஞருக்கும் அந்த உரிமை உண்டு. தங்கள் நிகழ்ச்சியைப் பதிவு செய்யவும் படியெடுக்கவும் பரப்பவும் அனுமதி தர வேண்டியவர்கள் அவர்களே. நிகழ்ச்சி நடந்ததற்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 50 ஆண்டுகளுக்கு இது செல்லும்.

விலக்கும் உண்டு. சொந்தமாகக் கேட்டு ரசிக்கவோ, உண்மையான கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்குமோ பதிவு செய்வது மீறலாகாது. ஆனால் சொந்த உபயோகம் என்ற சலுகை பதிவு செய்தவரோடு நின்றுவிடுகிறது. நண்பருக்கென்று உறையில் போட்டு அனுப்பும்போதே அந்த எல்லையைத் தாண்டுகிறோம். காசு வாங்கவில்லையே என்பது முழுப் பாதுகாப்பு ஆகாது. தெரிந்தே உரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம் என்கிறது சட்டம். வியாபார நோக்கம் இல்லாவிட்டால் நீதிபதி காரணம் எழுதித் தண்டனையைக் குறைக்கலாம், அவ்வளவே.

ஆகவே கேட்டுவிடுங்கள். கலைஞருக்கு முன்பணம் கொடுக்கும்போதே, "அண்ணே, ரெக்கார்டு பண்ணிக்கிடவா? தெரிஞ்ச நாலு பேருக்கு அனுப்பலாமா?" என்று கேட்டு, வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி வாங்கி வைத்தால் போதும்.

பழைய பதிவு என்றால் கணக்கு வேறு. காருகுறிச்சியார் வாசிப்புக்கு 50 ஆண்டு எப்போதோ கழிந்தது. வாசித்த பாட்டை எடுத்துக்கொண்டால், தியாகராஜர் கிருதிகளுக்குப் பதிப்புரிமைத் தடை இல்லை. பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தவர். இயற்றியவர் மறைவுக்குப்பின் 60 ஆண்டு என்பதால் அவர் பாடல்களுக்கு 2033 முடிய உரிமை இருக்கிறது. கம்பெனி வெளியிட்ட இசைத்தட்டுக்கும் வானொலி ஒலிபரப்புக்கும் தனித்தனிக் காலவரை.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது கரகாட்டப் பதிவுகளின் கதி. ஆறு மணி நேர ஆட்டத்தில் கலைஞர் தலையில் செம்பு அசையாமல் ஏணி ஏறியிருப்பார். அதையெல்லாம் விட்டுவிட்டு, சேலை விலகிய பத்து வினாடியை வெட்டி, கேவலமான தலைப்போடு பரப்புகிறார்கள். மறுநாள் அந்தப் பெண்ணின் மகள் பள்ளிக்கூடம் போக வேண்டியிருக்கிறது. ரசிகர் நல்லெண்ணத்தோடு அனுப்பிய மெமரி கார்டும் நாலு கை மாறினால் இப்படி ஆகலாம். தன் பெயர் குறிக்கப்பட வேண்டும், தன் ஆட்டம் சிதைக்கப்படக் கூடாது என்று கேட்கும் உரிமை 2012 திருத்தத்தால் கலைஞருக்கு இருக்கிறது. ஆகவே ஆட்டத்தை வீடியோவாக அனுப்புவதென்றால் ஆடியவர் பார்த்துச் சரி என்ற பகுதியை மட்டும் அனுப்புங்கள்.

உறைக்குள் ஒரு தாளும் இருக்கட்டும். வாசித்தவர், பக்கவாத்தியக்காரர், தவில்காரர் பெயர், ஊர், தேதி, யாரிடம் அனுமதி பெற்றது, மேற்கொண்டு யாருக்கும் கொடுக்கலாமா கூடாதா என்பதெல்லாம் அதில் வேண்டும். தவில்காரர் பெயரை விட்டுவிடுகிற பழக்கம் நம்மிடம் அதிகம். மூலக் கேசட்டை ஒருபோதும் தபாலில் விடாதீர்கள், படியை அனுப்புங்கள். வந்த பென் டிரைவை வைரஸ் சோதனை செய்தபின் திறப்பது நல்லது. நம் பக்கத்தில் கைக்கு வருவது பட்டாசு அட்டைப்பெட்டிதான். பட்டாசும் தீப்பெட்டியும் தபாலில் போகக் கூடாத பொருள்கள் என்பதால் அச்சடித்த அந்தப் பெட்டியைத் தவிருங்கள், கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.

பதிவுக்குப் பணம் வாங்க வேண்டாம். அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக்குழு, 1984 முதல் பதிவு செய்யும் ரசிகர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. பதிவுகளை விற்கக் கூடாது என்பதே அது கேட்டது. வெற்று கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் அந்த ரசிகர்கள் படியெடுத்துக் கொடுத்தார்கள்.

அனுமதியில்லாத பதிவு இணையத்தில் ஏறிவிட்டால், கலைஞர் அந்தத் தளத்துக்கு எழுத்தில் புகார் தரலாம். 36 மணி நேரத்துக்குள் அவர்கள் அதை முடக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு போய்ச் சேராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம், இந்தக் கெடு பலருக்கும் தெரியாமல் தவறிப்போகிறது. ஆபாசமாக வெட்டிப் பரப்பியிருந்தால் ஸ்கிரீன்ஷாட், இணைப்பு, தேதியோடு சைபர் கிரைம் போலீசிடம் போகலாம். வழக்குக்குச் சென்னை போகத் தேவையில்லை. கலைஞர் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், சாத்தூர்க்காரர்களான நமக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள மாவட்ட நீதிமன்றம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தரச் சட்டம் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி கிடைக்கும்.