ஒரு சாண் அகலப் பூ... ஒரே வாரத்தில் பெயர்... கோர்ட் வரை போன ஆர்க்கிட் கதை!

2002-ம் ஆண்டு, மே மாதம். தென் அமெரிக்க நாடான பெருவின் வடபகுதியில், ஆண்டிஸ் மலைச் சாலையோரம் ஒரு சின்னச் செடிக்கடை. அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து வந்திருந்த ஆர்க்கிட் பிரியர் மைக்கேல் கோவாச், அங்கே ஒரு பூவைப் பார்த்ததும் அசந்துபோனார். இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம். ஏறக்குறைய ஒரு சாண் அகலம். சில டாலர்களைக் கொடுத்துச் செடியை வாங்கிக்கொண்டார்.

அந்தப் பூ, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு பிரபல தாவரவியல் பூங்காவையே கோர்ட் படியேற வைத்தது!

மேகத்துக்குள் ஒரு காடு

அந்தச் செடியின் வீடு, சுமார் 1,600 மீட்டருக்கும் மேலே இருக்கும் மேகக் காடு. அமேசான் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி, மேகமாகி மரங்களுக்கு நடுவே தவழும். மழை பெய்யாத நாளிலும் இலைகளிலிருந்து நீர் சொட்டும். மலைக்கு மலை ஈரமும் குளிரும் மாறுவதால், ஒரு சரிவில் பூக்கும் ஆர்க்கிட் அடுத்த சரிவில் இருக்காது. இவ்வளவு பெரிய பூவும் தாவரவியலாளர்கள் கண்ணில் படாமல் இருந்தது அப்படித்தான்.

எப்படி அடையாளம் காண்கிறார்கள்?

நிறத்தை மட்டும் நம்ப முடியாது. ஒரே இனத்திலேயே நிறம் மாறலாம். பூவின் உறுப்புகள்தான் சாட்சி. கீழ் இதழ் செருப்பின் முன்பகுதிபோலப் பை வடிவில் இருந்தால், அது 'ஸ்லிப்பர் ஆர்க்கிட்'. பைக்கு மேலே கேடயம்போல ஒரு சின்னத் தகடு இருக்கும். அதன் வடிவம் இனத்துக்கு இனம் வேறுபடும்.

இவற்றையெல்லாம் அளந்து, ஹெர்பேரியத்தில் உலர்த்தி வைத்திருக்கும் பழைய மாதிரிகளோடு ஒப்பிடுவார்கள். எதனோடும் பொருந்தாவிட்டால் புதிய இனம். முறைப்படி முதலில் வெளியிடுபவர் வைக்கும் பெயரே நிலைக்கும் என்பது விதி.

ஒரு வாரப் பந்தயம்

ஜூன் 5-ம் தேதி, கோவாச் தன் செடியோடு ஃப்ளோரிடாவின் மேரி செல்பி தாவரவியல் பூங்காவுக்கு வந்தார். அதே நேரத்தில் எரிக் கிறிஸ்டென்சன் என்ற தாவரவியலாளர், பெருவிலிருந்து கிடைத்த தகவல்களை வைத்து அதே பூவுக்கு 'பெருவியானம்' என்று பெயரிடத் தயாராகிக்கொண்டிருந்தார். செல்பி பூங்கா முந்திக்கொண்டது. ஜூன் 12-ம் தேதி 'ஃப்ராக்மிபீடியம் கோவாச்சி' என்ற பெயர் வெளியானது. சில நாள் வித்தியாசத்தில், பூவின் தாய்நாட்டுப் பெயர் தோற்றுப்போனது.

ஆனால், காட்டிலிருந்து எடுத்த ஸ்லிப்பர் ஆர்க்கிட்டை உரிய அனுமதியின்றி நாடு கடத்துவது 'சைட்டிஸ்' சர்வதேச ஒப்பந்தப்படி குற்றம். பெரு அரசு கொதித்தது. குற்றத்தை ஒப்புக்கொண்ட பூங்காவுக்கு 5,000 டாலர் அபராதமும் 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் கிடைத்தன. 2004-ல் கோவாச்சுக்கு 1,000 டாலர் அபராதம், 2 ஆண்டு கண்காணிப்பு. பெயர் மட்டும் மாறவில்லை. கடத்தி வந்த செடி என்பதற்காகப் பெயரை நீக்க, பெயரிடல் விதிகளில் இடமில்லை!

பெரிய இழப்பு காட்டுக்குத்தான். செய்தி பரவியதும், பூத்திருந்த இடங்களைத் தேடிப் போய் வேரோடு பெயர்த்து எடுத்தார்கள். பிறகு பெருவில் அரசு அனுமதியோடு, ஆய்வகக் குடுவைகளில் விதை முளைக்க வைத்துச் செடிகளை உருவாக்கினார்கள். இன்று சட்டப்படியே வாங்க முடிவதால், காட்டைச் சுரண்டும் தேவை குறைந்திருக்கிறது.

நம் மலையிலும் உண்டு!

அகத்தியமலைப் பகுதிக்கும் சொந்தமாக ஒரு ஸ்லிப்பர் ஆர்க்கிட் உண்டு. மஞ்சள் பூ பூக்கும் 'பாஃபியோபெடிலம் ட்ரூரி'. அதன் பெயரிலும் ஓர் ஆங்கிலேய ராணுவ அதிகாரிதான் இருக்கிறார். சேகரிப்பாளர்களின் ஆசையால் அதுவும் அழிவின் விளிம்பில் நிற்கிறது.

மலைப்பக்கம் போகும்போது விநோதமான ஆர்க்கிட் கண்ணில் பட்டால், பறிக்க வேண்டாம். பூவை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும், இலை, தண்டையும் மொபைலில் படமெடுங்கள். அளவு தெரிய அருகில் ஒரு நாணயத்தைப் பிடிக்கலாம். படங்களைத் தாவரவியல் துறை பேராசிரியர்களிடம் காட்டுங்கள். சோஷியல் மீடியாவில் போட்டால், இடத்தை மட்டும் சொல்லாதீர்கள்!