ஊருக்கு மார்க் போடுகிறார்கள்!

பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்கு மார்க் போடுவது நமக்குத் தெரியும். ஒரு நகரத்துக்கே மார்க் போடுவது உண்டா? உண்டு, நேயர்களே! "இந்த ஊர் எவ்வளவு பசுமை?" என்பதுதான் கேள்வித் தாள்.

2009-இல் ஐரோப்பிய நகரங்களுக்கு இந்தப் பரீட்சை நடந்தது. ஜெர்மனியின் ஸீமென்ஸ் கம்பெனி ஏற்பாடு செய்ய, 'எகனாமிஸ்ட்' பத்திரிகையைச் சேர்ந்த ஆராய்ச்சிக் குழுவினர் கணக்கெடுத்தார்கள். பிறகு 2010-இல் லத்தீன் அமெரிக்காவில் 17 நகரங்கள். 2011-இல் ஆசியாவில் 22, ஆப்பிரிக்காவில் 15. நம் நாட்டிலிருந்து டில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு ஆகிய நான்கும் பரீட்சைக்கு உட்கார்ந்தன. சென்னை அதில் சேரவில்லை. ஆசியாவில் முதல் வகுப்பில் தேறியது சிங்கப்பூர் ஒன்றுதான்.

"பசுமை என்றால் மரங்களை எண்ண வேண்டியதுதானே?" என்கிறீர்களா? அவ்வளவு சுலபமில்லை. ஆசியப் பரீட்சையில் எட்டுப் பாடங்கள்: மின்சாரமும் புகையும், நிலமும் கட்டடமும், போக்குவரத்து, குப்பை, தண்ணீர், சாக்கடை வசதி, காற்று, நிர்வாகம். தலைக்கு எத்தனை சதுர மீட்டர் பூங்கா, எத்தனை கிலோ குப்பை, எத்தனை லிட்டர் தண்ணீர் என்று கணக்கு.

இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. தண்ணீர்ச் செலவு குறைந்தால் மார்க் கூடும். நியாயந்தானே? ஆனால் இரண்டு வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும். இருந்தும் அந்த அம்மாள் அரிசி களைந்த தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிச் சிக்கனம் பிடிக்கிறாள். மற்றொரு வீட்டில் குழாயே கிடையாது. தெருக்கோடியில் கால் கடுக்க நின்று நாலு குடம் கொண்டு வருகிறாள் ஒருத்தி. ஏட்டில் இருவரும் 'குறைந்த செலவு'தான்! முன்னது சிக்கனம், பின்னது இல்லாமை. ஏழை நாட்டு நகரங்களை அளக்கும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால், வறுமைக்கே மார்க் போட்டதாகிவிடும்.

கணக்கெடுத்தவர்களும் இதைக் கவனித்தார்கள். ஆப்பிரிக்க நகரங்களுக்கு வந்தபோது, எத்தனை பேருக்கு மின்சாரம் கிடைக்கிறது, எத்தனை பேர் குடிசைப் பகுதிகளில் வசிக்கிறார்கள் என்பதையும் கேள்விகளில் சேர்த்தார்கள்.

இல்லாதவர்கள் வீட்டு வாசலுக்கும் பசுமையைக் கொண்டுபோன ஊர் ஏதாவது உண்டா? உண்டு. பிரேஸில் நாட்டின் குரிச்சிபா. லத்தீன் அமெரிக்காவில் முதல் வகுப்பில் தேறிய ஒரே நகரம் அதுதான். 1971-இல் அங்கே மேயராக வந்த ஜைமி லெர்னர் கட்டடக் கலை படித்தவர். வெள்ளம் தேங்கும் தாழ்ந்த நிலங்களை அங்கே பூங்காக்களாக்கினார்கள். புல்லை வெட்ட ஆள் வைப்பானேன் என்று, சில பூங்காக்களில் செம்மறியாடுகளை மேயவிட்டார்கள்!

இல்லத்தரசிகளுக்குப் பிடித்தமான விஷயம் இனிமேல்தான் வருகிறது. குப்பை வண்டி நுழைய முடியாத குறுகிய சந்துகள் ஏழைகளின் பகுதிகளில் ஏராளம். 1991-இல் நகரசபை ஒரு பண்டமாற்று ஆரம்பித்தது. பழைய காகிதம், தகரம், கண்ணாடி ஆகியவற்றில் 4 கிலோ கொண்டு வந்து கொடுத்தால், 1 கிலோ காய்கறி, பழம்! சுற்றுவட்டாரக் குடியானவர்களிடம் மிஞ்சிய விளைச்சலை வாங்கி அதற்குக் கொடுத்தார்கள். தெருவிலிருந்து குப்பை போயிற்று. அடுப்பங்கரைக்குக் கறிகாய் வந்தது.

பெரிய கணக்கெல்லாம் நமக்கெதற்கு என்பவர்களுக்கு ஒரு சின்ன அளவுகோல் இருக்கிறது. நகர மரங்களை ஆராயும் கோனைனன்டைக் என்ற டச்சு நிபுணர் 2021-இல் சொன்னது. மூன்றே எண்கள்: 3, 30, 300. வீட்டிலிருந்து பார்த்தால் குறைந்தது 3 பெரிய மரங்கள் தெரிய வேண்டும். பேட்டையில் 30 சதவிகித இடம் மரங்களின் கீழ் இருக்க வேண்டும். 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா வேண்டும்.

இதில் என்ன விசேஷம் என்றால், கணக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தொடங்குகிறது. ஊர் முழுவதற்கும் சராசரி போட்டால், பங்களாக்காரர் தோட்டத்து மரங்கள் சந்து வீட்டுக்காரியின் பங்கிலும் சேர்ந்துவிடும். ஆனால் அவள் தலையில் நிழல் விழாது!

இன்று சாயங்காலம் ஜன்னலைத் திறந்து எண்ணிப் பாருங்கள். மூன்று தேறுகிறதா? தேறாவிட்டால், அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும் கவுன்சிலரிடம் கேட்பதற்கு ஒரு நல்ல கேள்வி உங்களிடம் தயாராக இருக்கிறது.