ஐ.பி. முகவரி ஆளைச் சொல்லாது: இணையத் தாக்குதலின் தடங்களைப் படிப்பது எப்படி?

பீமா கோரேகான் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ரோனா வில்சனின் கணினியைப் புனே காவல்துறை 2018 ஏப்ரல் 17 அன்று கைப்பற்றியது. அதில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட கடிதங்கள் வழக்கின் முதன்மைச் சான்றுகளாயின. குற்றம் சாட்டப்பட்டோர் தரப்பின் வேண்டுகோளின்படி அந்தக் கணினியின் நகலை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம், 2021 பிப்ரவரியில் வெளியான அறிக்கையில் வேறொன்றைச் சொன்னது. நெட்வயர் என்னும் உளவு மென்பொருள் வழியாக அக்கணினி 22 மாதங்களாக வெளியாள் ஒருவரின் பிடியில் இருந்தது. பத்துக் கடிதங்கள் அவ்வழியே உள்ளே வைக்கப்பட்டன என்பதே அதன் முடிவு.

திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடி மக்களுக்காக உழைத்து, 2021 ஜூலை 5 அன்று காவலில் இருந்தபோதே 84 வயதில் உயிர்நீத்தவர் அருட்தந்தை ஸ்டான் சுவாமி. அவருடைய கணினியிலும் நாற்பதுக்கும் மேற்பட்ட கோப்புகள் இவ்வாறே வைக்கப்பட்டதாக 2022 டிசம்பரில் அந்நிறுவனம் அறிவித்தது. ஒரே கைதான் இவற்றைச் செய்தது என்று அது எவ்வாறு கூறியது? உளவு மென்பொருள் தன்னை ஏவியவருக்குத் தகவல் அனுப்ப, இணையத்தில் ஏதேனும் ஒரு சர்வரைத் தொடர்புகொண்டே ஆக வேண்டும். அந்தச் சர்வர்களின் முகவரிகளும், மென்பொருளின் அமைப்புகளும் வெவ்வேறு கணினிகளில் ஒத்துப்போயின. இந்த முடிவுகளைத் தேசியப் புலனாய்வு முகமை ஏற்கவில்லை. எனினும், சில எண்களின் மீது எத்தனை மனிதர்களின் விடுதலை தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை இவ்வழக்கு நமக்குக் காட்டிவிட்டது. அந்த எண்களைப் படிக்கக் கற்பது இனி வல்லுநர்களுக்கு மட்டும் உரிய வேலையன்று.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

203.0.113.45 என்பதுபோல் நான்கு பகுதிகளாக எழுதப்படுவது ஐ.பி. முகவரி. இவ்வகையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே இருக்க முடியும். ஆசிய பசிபிக் நாடுகளுக்கு இவற்றைப் பகிர்ந்தளிப்பது ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் உள்ள ஏப்னிக் அமைப்பு. இந்தியாவில் ஐரின் என்னும் பதிவகம். யாருக்கு எந்தத் தொகுதி வழங்கப்பட்டது என்பதை ஹூஇஸ் என்னும் பொதுப் பதிவேட்டில் எவரும் கட்டணமின்றித் தேடலாம். முகவரி எந்த நிறுவனத்தின் வலைப்பின்னலைச் சேர்ந்தது, எந்த நாட்டில் பதிவானது, முறைகேடு குறித்து யாருக்கு எழுத வேண்டும் என்ற மூன்றும் அங்கே கிடைக்கும்.

கிடைக்காதது ஆளின் பெயர். முகவரிகள் போதாமையால், கைப்பேசி நிறுவனங்கள் ஒரே முகவரியை ஒரே நேரத்தில் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருகின்றன. தாக்குபவர் வி.பி.என்., டோர் போன்றவற்றின் பின்னால் ஒளிந்திருக்கலாம். வாடகைச் சர்வரில் அமர்ந்திருக்கலாம். கடவுச்சொல் மாற்றப்படாத யாரோ ஒருவருடைய வீட்டுக் கண்காணிப்புக் கேமராவைக் கைப்பற்றி அதன் வழியே வரலாம்.

வரைபடத்தில் தோன்றும் ஊர்ப்பெயரும் ஊகமே. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டாரை, செய்யாத குற்றங்களுக்காகக் காவலர்களும் கோபம்கொண்ட மக்களும் ஆண்டுக்கணக்கில் தேடி வந்தனர். காரணம் 2016-இல் வெளிப்பட்டது. 'அமெரிக்காவில் எங்கோ' என்று மட்டுமே தெரிந்த 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகளுக்கு, மேக்ஸ்மைண்ட் என்னும் தரவு நிறுவனம் நாட்டின் நடுப்பகுதியிலுள்ள ஒரு புள்ளியைக் குறித்து வைத்திருந்தது. அந்தப் புள்ளியில் இருந்தது அவர்கள் வீடு.

நம் நாட்டிலும் இதன் விலையைக் கொடுத்தவர் உண்டு. ஆர்குட் தளத்தில் சிவாஜியை இழிவுபடுத்தும் படத்தை ஏற்றியதாக, 2007-இல் பெங்களூரு மென்பொருள் பணியாளர் ஒருவரைப் புனே காவல்துறை கைது செய்தது. இணையச் சேவை நிறுவனம் அந்த ஐ.பி. முகவரிக்குத் தவறான வாடிக்கையாளரின் பெயரைக் கொடுத்திருந்தது. உண்மை தெரிந்து அவர் வெளியே வருவதற்குள் 50 நாட்கள் சிறையில் கழிந்தன.

புகார்ப் பட்டியல்களைப் படித்தல்

சந்தேகத்திற்குரிய முகவரியைப் பற்றி முன்பே யாரேனும் புகார் அளித்துள்ளனரா என்று பார்க்க அப்யூஸ்ஐபிடிபி, டீஷீல்டு, ஸ்பேம்ஹாஸ் போன்ற தளங்கள் உள்ளன. முதலாவதில் புகார்களின் எண்ணிக்கை, தேதி, வகை ஆகியவற்றுடன் 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண்ணும் காட்டப்படும். இது தீர்ப்பன்று; பலர் சொன்னவற்றின் தொகுப்பு. ஆறு மாதங்களுக்கு முந்தைய புகார், அந்த முகவரியை அப்போது வைத்திருந்த வேறொருவரைப் பற்றியதாக இருக்கலாம்.

இணையத்தில் நிற்கும் எந்தச் சர்வரையும் தானியங்கி நிரல்கள் இடைவிடாமல் தட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு நாளில் ஆயிரம் தவறான கடவுச்சொல் முயற்சிகள் பதிவாகியிருந்தால், அதனாலேயே நம் அரசியலுக்காக நாம் குறிவைக்கப்பட்டோம் என்று ஆகிவிடாது. அத்தகைய முகவரிகள் பெரும்பாலும் பட்டியல்களில் உயர்ந்த மதிப்பெண்ணுடன் நிற்கும். நம்மை மட்டும் தேடி வரும் தாக்குதலோ அமைதியானது. சிலரை உளவு பார்க்கவென்றே அமர்த்தப்பட்ட சர்வரின் மேல் புகாரே இருக்காது. மதிப்பெண் சுழியமாகவே இருக்கும். நமக்குத் தெரிந்தவரின் பெயரில், நாம் நடத்தும் வழக்கைப் பற்றி, திறக்கச் சொல்லி ஓர் இணைப்புடன் வரும் மின்னஞ்சலே நாம் கூடுதலாக அஞ்ச வேண்டியது.

அத்தகைய கோப்பைச் சோதிக்க வைரஸ்டோட்டல் தளம் உதவும். ஆனால் அங்கே ஏற்றப்படும் கோப்புகளைக் கட்டணச் சந்தாதாரர்கள் தரவிறக்க முடியும். வன்கொடுமை வழக்கில் பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலமோ, சாட்சிகளின் பெயர்களோ உள்ள ஆவணத்தை அங்கே ஏற்றக் கூடாது. கோப்பின் ஹாஷ் மதிப்பை மட்டும் கணக்கிட்டுத் தேடினால் போதும்.

நாம் செய்ய வேண்டியவை

முதற்கடமை, அழிக்காமல் வைத்திருப்பது. முகவரியுடன் நாள், நேரம், நேர மண்டலம் மூன்றையும் குறிக்க வேண்டும். பல சர்வர்கள் உலகப் பொது நேரத்தில் பதிவு செய்கின்றன; அதிகாலை 2 மணி என்று அதில் இருந்தால் நமக்கு அது காலை 7.30. முகவரிகள் கைமாறிக்கொண்டே இருப்பதால், இந்த ஐந்தரை மணி நேரப் பிழை ஒரு நிரபராதியின் வாசலில் காவலரை நிறுத்திவிடக்கூடும். முகவரி பலருக்குப் பகிரப்படும் இடங்களில் போர்ட் எண்ணும் தேவை. மின்னஞ்சலாயின், திரைப்படம் பிடித்தால் மட்டும் போதாது. முழுத் தலைப்புத் தகவலுடன் மூலக் கோப்பைச் சேமிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுச் சான்றுக்கான சான்றிதழில் ஹாஷ் மதிப்பும் இடம்பெறுகிறது. நம் கருவிகளைக் காவல்துறை கைப்பற்றும்போதும் அந்த மதிப்பை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். பின்னர் ஒரு எழுத்து மாற்றப்பட்டாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது, தாமதமின்றிப் புகார் அளிப்பது. ஹூஇஸ் பதிவேடு காட்டும் நிறுவனத்திற்கும், செர்ட்-இன் அமைப்பிற்கும், 1930 என்ற உதவி எண்ணுக்கோ தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திற்கோ தெரிவிக்கலாம். 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, நிறுவனங்கள் தம் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. அதன்பின் கேட்டால் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

மூன்றாவது, முகவரியைக் கொண்டு எவர் பெயரையும் பொதுவெளியில் அறிவிக்காதிருப்பது. ஆதிக்க சாதிச் சங்கத்தின் மீது நமக்கு ஐயம் இருக்கலாம். அந்த ஐயத்தை நான்கு எண்கள் மெய்ப்பித்துவிடா. அவசரப்பட்டுச் சொன்ன ஒரு பெயர் பொய்யானால், மெய்யான நூறு புகார்களையும் அதுவே வலுவிழக்கச் செய்யும்.

வன்கொடுமை வழக்குகள் பல, நடந்தது உரிய நேரத்தில் உரியபடி எழுதப்படாததால் தோற்றுள்ளன. முதல் தகவல் அறிக்கையில் ஒரு சொல் விடுபட்டால் என்ன நேரும் என்பதை நம் மக்கள் நன்கறிவர். இணையப் பதிவுகளிலும் அதே கவனம் வேண்டும். நம் மீதான குற்றச்சாட்டு ஒரு கணினியிலிருந்து எடுக்கப்படும் காலத்தில், அதை மறுக்கும் சான்றும் அதே கணினியில்தான் கிடக்கிறது. அதை அழியாமல் காப்பது நம் பொறுப்பு.