உடலை அறிவோம்: களைப்பு எங்கிருந்து வருகிறது?

பால்மரத்தின் பட்டையைப் பற்றித் தோட்டத் தொழிலாளர் ஒருவரிடம் வினவினால், அவர் தயங்காமல் விடை கூறுவார். வெளியே காய்ந்த பட்டை, அதனுள்ளே மென்பட்டை, கட்டையை ஒட்டினாற்போல் பால் ஓடும் நுண்குழாய்கள். கத்தி சற்று ஆழமாக இறங்கினால் கட்டையில் காயம்பட்டுப் பட்டை மீண்டும் சீராக வளராது என்பதையும், வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்கு வடியும் என்பதையும் அவர் நெடுநாள் அனுபவத்தால் அறிந்திருக்கிறார்.

ஆனால், அக்கத்தியைப் பிடித்திருக்கும் கையின் தோலுக்கடியில் என்ன இருக்கிறது, எந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் நம்மில் பலர் தயங்குவோம். மரத்தை அறிந்த அளவுக்கு நம் உடலை நாம் அறிந்திருக்கவில்லை. இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. நோய் ஓரிடத்தில் இருக்க, அதன் அடையாளம் வேறோரிடத்தில் தோன்றுகிறது. குடலில் உள்ள குறை மூச்சுத் திணறலாகவும், சிறுநீரகத்தில் உள்ள குறை உடற்சோர்வாகவும் வெளிப்படக்கூடும். அதனை உணராமல், "வேலைக் களைப்பு", "வயதாகிவிட்டது", "சோம்பல்" என்று பெயரிட்டு, நாட்களைக் கடத்திவிடுகிறோம்.

ஆகவே, மனித உடல் எவ்வாறு அமைந்துள்ளது என்பதையும், அதன் மண்டலங்கள் ஒன்றையொன்று எவ்வாறு சார்ந்துள்ளன என்பதையும் சுருக்கமாகக் காண்போம். தீராத களைப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கும் அதிலேயே விடை கிடைக்கும்.

எலும்பும் தசையும்

வளர்ந்த மனிதனின் உடலில் 206 எலும்புகள் உள்ளன. மண்டையோடு மூளையையும், விலாக்கூடு இருதயத்தையும் நுரையீரல்களையும் காக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய முள்ளெலும்புகளால் ஆன முதுகெலும்பு உடலை நிமிர்த்தி வைக்கிறது. அந்த எலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற வட்டுகள் இருந்து அதிர்ச்சியைத் தாங்குகின்றன. பால் நிரம்பிய வாளியை முழங்கால்களை மடக்காமல், முதுகை மட்டும் வளைத்துத் தூக்கும்போது, சுமை முழுவதும் இவ்வட்டுகளை அழுத்துகிறது. முழங்கால்களை மடக்கி, வாளியை உடலோடு ஒட்டி வைத்துத் தூக்கினால் அச்சுமையைத் தொடைத் தசைகள் ஏற்றுக்கொள்ளும்.

எலும்புகளைத் தாமாகவே அசைக்க இயலாது. அறுநூற்றுக்கு மேற்பட்ட தசைகள் சுருங்கியும் விரிந்தும் அவற்றை இயக்குகின்றன. சுருங்குவதற்குத் தசைக்கு இரண்டு பொருள்கள் வேண்டும்: ஒன்று, உணவிலிருந்து கிடைக்கும் சர்க்கரை, மற்றொன்று, காற்றிலிருந்து கிடைக்கும் பிராணவாயு. இவ்விரண்டில் எது குறைந்தாலும் தசை தளர்ந்துவிடும். அத்தளர்ச்சியையே நாம் களைப்பு என்கிறோம்.

எலும்பு வெறும் தாங்குகோல் அன்று என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். அதனுள் இருக்கும் மஜ்ஜையில்தான் இரத்த அணுக்கள் பிறக்கின்றன.

மூச்சும் இரத்தமும்

நாம் உள்ளிழுக்கும் காற்று மூச்சுக்குழாய் வழியாக இரு நுரையீரல்களையும் அடைகிறது. அங்கே கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் உள்ளன. அவற்றின் சுவர் மிக மெல்லியது. அதன் ஊடாகப் பிராணவாயு இரத்தத்திற்குள் செல்கிறது. இரத்தத்தில் உள்ள கரியமில வாயு வெளியேறுகிறது.

உடலில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் இரத்தம் உள்ளது. அது உடலெங்கும் சென்று, மீண்டும் இருதயத்திற்கே திரும்பி வருகிறது என்பதை வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1628ஆம் ஆண்டில் நூலாக எழுதி விளக்கினார். இருதயத்தின் வலப்பக்கம், உடலைச் சுற்றி வந்த இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடப்பக்கம், பிராணவாயு நிரம்பித் திரும்பும் இரத்தத்தை உடலெங்கும் செலுத்துகிறது. நிமிடத்திற்குச் சுமார் 70 முறை, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 100,000 முறை, இருதயம் இவ்வாறு துடிக்கிறது. நாம் உறங்கும்போதும் அதற்கு ஓய்வில்லை.

இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பவை சிவப்பணுக்கள். அவற்றுள் ஹீமோகுளோபின் என்னும் பொருள் உள்ளது. இரத்தத்திற்குச் செந்நிறம் தருவதும் இதுவே. இது உருவாக இரும்புச்சத்து இன்றியமையாதது. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாட்களே வாழும். ஆகவே, மஜ்ஜை இடைவிடாமல் புதிய அணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நாள்தோறும் மங்குகளில் நிரம்பும் பால் தொழிற்சாலைக்குச் செல்லச் சுமப்பவர் வேண்டும். சுமப்பவர் குறைந்தால், பால் மிகுந்திருந்தும் பயனில்லை. அதுபோலவே சிவப்பணுக்கள் குறைந்தால், காற்று நிறைய இருந்தும் தசைகள் ஏங்கித் தவிக்கும்.

உணவும் கழிவும்

வாயில் அரைபட்ட உணவு இரைப்பையை அடைந்து கூழாகிறது. பின்னர், ஏறக்குறைய ஆறு மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில் அது முற்றிலும் செரிக்கப்பட்டு, அதன் சத்துகள் இரத்தத்தில் சேர்கின்றன. இரும்புச்சத்து பெரும்பாலும் சிறுகுடலின் முற்பகுதியில்தான் ஈர்க்கப்படுகிறது. இவ்வாறு கிடைக்கும் சத்துகளைக் கல்லீரல் பக்குவப்படுத்தியும் சேமித்தும் வைக்கிறது.

இடுப்பிற்கு மேலே, முதுகுப்புறத்தில் இரு சிறுநீரகங்கள் உள்ளன. அவை ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டி, அதில் பெரும்பகுதியை மீண்டும் இரத்தத்திற்கே தந்து, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. அவை செய்யும் மற்றொரு வேலையைப் பலர் அறியார். இரத்தத்தில் பிராணவாயு குறைந்தால், "இன்னும் சிவப்பணுக்கள் வேண்டும்" என்று எலும்பு மஜ்ஜைக்குச் செய்தி அனுப்புவது போன்ற ஒரு சுரப்பைச் சுரப்பவை சிறுநீரகங்களே. எனவே, சிறுநீரகம் பழுதுற்றவர்களின் இரத்தமும் குறைந்து, அவர்கள் சோர்ந்து காணப்படுகின்றனர்.

இம்மண்டலங்கள் அனைத்தையும் மூளையும் நரம்புகளும் ஆள்கின்றன. சுரப்பிகள் இரத்தத்தின் வழியே செய்தி அனுப்பி அவற்றிற்குத் துணைபுரிகின்றன. கணையம் சுரக்கும் இன்சுலின், இரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தசைகளுக்குள் செல்ல வைக்கிறது. அது போதாமற்போனால் அல்லது சரியாகச் செயற்படாமற்போனால், சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடும். அதுவே நீரிழிவு. இரத்தத்தில் சர்க்கரை நிரம்பியிருக்க, தசைகளோ பட்டினி கிடக்கும்.

ஒரு புழுவின் பயணம்

உடலின் மண்டலங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு நெருங்கிப் பிணைந்துள்ளன என்பதைக் கொக்கிப்புழுவின் கதையைப்போல் தெளிவாகக் காட்டுவது வேறில்லை.

நோயுற்றவரின் மலம் திறந்த வெளியில் விழுந்தால், அதில் உள்ள முட்டைகள் நிழலான ஈர மண்ணில் பொரிக்கின்றன. சில நாட்களில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத இளம்புழுக்கள் தயாராகிவிடுகின்றன. வெறுங்காலுடன் அங்கு நடப்பவரின் தோலைத் துளைத்து அவை உள்ளே புகுகின்றன. புகுந்த இடத்தில் சிறிது அரிப்பு உண்டாகும், அவ்வளவே. பின்னர் அவை இரத்தக்குழாய் வழியாக இருதயத்தின் வலப்பக்கத்தை அடைந்து, அங்கிருந்து நுரையீரலுக்குச் செல்கின்றன. காற்றறைகளைத் துளைத்து மூச்சுக்குழாயில் ஏறித் தொண்டையை அடைகின்றன. நாம் அறியாமலே அவற்றை விழுங்கிவிடுகிறோம். இறுதியாகச் சிறுகுடலில் தங்கி, அதன் சுவரைக் கவ்விப் பிடித்து, இரத்தத்தை உறிஞ்சி ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றன.

வாயினால் உண்ணாத புழு குடலுக்குள் எவ்வாறு வந்தது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், கெய்ரோவில் பணியாற்றிய ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், இளம்புழுக்கள் உள்ள நீர் தம் கையில் சிந்தியதன் விளைவாகத் தமக்கே அந்நோய் கண்டபோது, அவை தோல் வழியே புகுவதை அறிந்தார். பின்னர், 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் டாக்டர் டார்லிங் தலைமையில் ராக்பெல்லர் அறநிறுவனத்தின் குழு ஒன்று இந்நோயை ஆராய்ந்தது. வெறுங்காலுடன் வேலை செய்த, கழிவறை வசதியற்ற அக்காலத் தோட்டத் தொழிலாளர்களிடையே இந்நோய் பெரிதும் பரவியிருந்தது.

ஒரு புழு உறிஞ்சும் இரத்தம் மிகச் சிறிதே. ஆனால், நூற்றுக்கணக்கான புழுக்கள் நாள்தோறும் உறிஞ்சினால், உடலில் சேமித்து வைத்த இரும்புச்சத்து தீர்ந்துவிடும். மஜ்ஜை புதிய சிவப்பணுக்களை உண்டாக்கத் தடுமாறும். குறைந்த சிவப்பணுக்களைக்கொண்டு எல்லா உறுப்புகளுக்கும் பிராணவாயு அனுப்ப இருதயம் வேகமாக அடிக்கும், மூச்சு வாங்கும், தசை தளரும். குற்றம் குடலில், ஆனால், நிரையின் பாதியிலேயே உட்கார்ந்துவிடுபவரின் கால்களில்தான் அது தெரிகிறது. அன்று "சோம்பேறி" என்று ஏசப்பட்ட எத்தனையோ பேர் உண்மையில் நோயாளிகளே ஆவர்.

இரத்தசோகையின் அடையாளங்கள்

கழிவறைகளும் காலணிகளும் வந்தபின் கொக்கிப்புழுவின் ஆதிக்கம் தளர்ந்தது. எனினும், இரத்தசோகை மறைந்துவிடவில்லை. மாதவிலக்கில் மிகுதியாக இரத்தம் இழக்கும் பெண்கள், கருவுற்ற தாய்மார்கள், வேகமாக வளரும் சிறுவர்கள், சத்தான உணவு போதாதவர்கள் ஆகியோரை அது எளிதில் பற்றுகிறது. ஆண்களுக்கு வந்தால், வயிற்றுப் புண்ணிலிருந்தோ குடலிலிருந்தோ இரத்தம் கசிகிறதா என்பதைக் கட்டாயம் ஆராய வேண்டும்.

கீழிமையின் உட்புறமும், உள்ளங்கையும், நாக்கும் வெளிறியிருத்தல்; சிறு மேட்டில் ஏறினாலே மூச்சு வாங்குதல்; நெஞ்சு படபடத்தல்; அடிக்கடி தலை சுற்றுதல்; நகங்கள் எளிதில் உடைதல் ஆகியவை இதன் அடையாளங்களாகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின், ஆண்களுக்கு 13 கிராமுக்கும், பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறையலாகாது. கருவுற்ற தாய்க்கு இவ்வளவு குறைந்தால், குறைமாதத்தில் பிள்ளை பிறக்கவும், பிறக்கும் பிள்ளை எடை குறைந்திருக்கவும் இடமுண்டு. பிரசவத்தில் இரத்தம் இழந்தால் தாயின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

களைப்பிற்கு இரத்தசோகை மட்டுமே காரணம் என்று கொள்ளலாகாது. நம் நாட்டில் 2023ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வின்படி, வயது வந்தவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு, நீரிழிவு உள்ளது. அவர்களுள் பலர் தமக்கு அந்நோய் இருப்பதையே அறியாதவர்கள். கவனிக்கப்படாத நீரிழிவு சிறுநீரகங்களைப் பழுதாக்குகிறது. சிறுநீரகம் பழுதானால், முன்னர்க் கூறியதுபோல் இரத்தமும் குறைகிறது. ஒரு மண்டலத்தின் நோய் மற்றொன்றைத் தொடுவதற்கு இது இன்னொரு சான்றாகும்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, உணவில் கவனம் வேண்டும். ஈரல், இறைச்சி, மீன், கெராங் எனப்படும் சிப்பி ஆகியவற்றில் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்கும். கீரை, பருப்பு, பயறு ஆகியவற்றில் உள்ளதை உடல் ஏற்க, உயிர்ச்சத்து சி உதவுகிறது. ஆகவே, கீரையுடன் சிறிது எலுமிச்சைச் சாறு, உணவிற்குப்பின் ஒரு கொய்யாப்பழம் என்று சேர்த்துக்கொள்வது நன்று. உண்டவுடன் தேநீர் அருந்தும் வழக்கம் நம்மிடையே மிகுதி. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தைக் குடல் ஏற்கவிடாமல் தடுக்கிறது. தேநீரை விட்டுவிட வேண்டியதில்லை. சாப்பாட்டிற்கு ஒரு மணி நேரம் முன்னரோ பின்னரோ அருந்தினால் போதும்.

இரண்டாவதாக, தோட்டத்தில் காலணியின்றி நடக்கலாகாது. குழந்தைகளும் வெறுங்காலுடன் ஈர மண்ணில் விளையாடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கழிவறையையே பயன்படுத்துவதும், உண்ணுமுன் சவர்க்காரம் இட்டுக் கைகழுவுவதும் குடும்பத்தில் அனைவருக்கும் பழக்கமாதல் வேண்டும்.

மூன்றாவதாக, கருவுற்ற தாய்மார்கள் தொடக்கத்திலேயே சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொண்டு, அங்குக் கொடுக்கப்படும் இரும்புச்சத்து மாத்திரைகளைத் தவறாமல் உட்கொள்ள வேண்டும். மலம் கறுத்துப்போவதைக் கண்டு அஞ்சிச் சிலர் மாத்திரைகளை ஒதுக்கிவிடுகின்றனர். அது மாத்திரையின் இயல்பான விளைவு, அஞ்ச வேண்டியதில்லை. வயிற்றுக்கு ஒவ்வாவிட்டால் மருத்துவரிடமோ தாதியிடமோ கூறினால், மாற்று வழி சொல்வார்கள். ஆனால், மாத்திரை எதுவும் உட்கொள்ளாதவரின் மலம் தார்போல் கறுத்திருந்தால், அது வயிற்றில் இரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். அவர் தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும்.

நான்காவதாக, ஓய்வெடுத்தும் நீங்காத களைப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால், அதனை வேலையின்மேல் பழிபோட்டு விட்டுவிடலாகாது. கடையில் வாங்கும் சத்து மருந்தும் காரணத்தைக் காட்டித் தராது. இரத்தத்தின் அளவையும், இரத்தத்தில் உள்ள சர்க்கரையையும், இரத்த அழுத்தத்தையும் சோதித்தறிவது எளிய காரியமே. அச்சோதனைக்கு ஒரு காலைப் பொழுது போதும்.

வீட்டில் ஒருவர் வேலைக்குக் கிளம்பத் தள்ளாடினாலோ, பள்ளியில் பிள்ளை பாடத்தில் நாட்டமின்றித் தூங்கி வழிந்தாலோ, ஏசுவதற்கு முன் அவரது கீழிமையைச் சற்று இறக்கிப் பாருங்கள். அங்கே செம்மை குறைந்திருந்தால், அவருக்கு வேண்டியது ஏச்சன்று, மருத்துவமே ஆகும்.