தாங்கியிலிருந்து தோட்டத்துக்கு: குழாயில் இழக்கப்படும் நீரமுக்கம்

சவளக்கடைப் பகுதியில் நிலம் பெரும்பாலும் சமதரையாகும். கிணற்று நீரைத் தாங்கிக்கு ஏற்றி, அங்கிருந்து குழாய் வழியே வளவுத் தோட்டத்துக்குப் பாய்ச்சும் கமக்காரருக்கு அமுக்கத்தைத் தருவது தாங்கியின் உயரம் ஒன்றே. சிறுபோகக் காலத்தில் கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் கத்தரி, மிளகாய்ப் பாத்திகள் விரைவில் உலர்ந்துவிடும். அவ்வேளையில் குழாயின் முடிவில் நீர் நூல்போல் வடிவதைக் கண்டு, பெரிய பம்பி வாங்க முற்படுவோர் உளர். பெரிய பம்பி தாங்கியை விரைவில் நிரப்பும். தாங்கிக்குக் கீழே குழாயில் நிகழும் இழப்பை அது சிறிதும் குறைக்காது.

தாங்கியின் நீர்மட்டம் தோட்டக் குழாய்வாயிலிருந்து 15 அடி உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். நீர் ஓடாதபோது அங்கே அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 6½ இறாத்தல். வாயைத் திறந்தவுடன் நீர் குழாயின் உட்சுவரோடு உராய்ந்து, அவ்வுயரத்தின் ஒரு பகுதியைச் செலவிடுகிறது. பிரெஞ்சுப் பொறியியலாளர் தார்சி குழாய்களில் நடத்திய சோதனைகளின் முடிவுகளை 1857-ல் வெளியிட்டார். அதன்பின் வந்த சூத்திரங்கள் இவ்விழப்பைக் கணிக்க உதவுகின்றன.

புதிய பி.வி.சி. குழாயில் நிமிடத்துக்கு 30 லீற்றர் நீர் ஓடுமாயின், 100 அடி நீளத்துக்கு இழப்பாகும் உயரம் வருமாறு: உள்விட்டம் 1 அங்குலமாயின் 4½ அடி, ¾ அங்குலமாயின் 18 அடி, ½ அங்குலமாயின் 130 அடி. விட்டம் பாதியானால் இழப்பு இரு மடங்காகும் என எண்ணுதல் தவறு. அது ஏறக்குறைய 29 மடங்காகிறது. நீளம் இரட்டித்தால் இழப்பும் இரட்டிக்கும். நீரோட்டம் இரட்டித்தால் இழப்பு மூன்றரை மடங்குக்குச் சற்று மேலாகும்.

நம்மிடம் உள்ளது 15 அடி மட்டுமே. ஆகவே 100 அடி தூரத்துக்கு ½ அங்குலக் குழாய் நிமிடத்துக்கு 9 லீற்றரும், ¾ அங்குலம் 27 லீற்றரும், 1 அங்குலம் 57 லீற்றரும் தரும். நானூறு கத்தரிச் செடிகளுக்குச் செடியொன்றுக்கு 2 லீற்றர் வீதம் 800 லீற்றர் வேண்டும். சிறிய குழாயில் இதற்கு ஒன்றரை மணி நேரம் செல்லும். பாத்தியின் கடைசி வரிசைக்கு நீர் போய்ச் சேருமுன் வெயில் ஏறிவிடும். ¾ அங்குலக் குழாயில் அரை மணி நேரம் போதும். தாங்கியை மேலும் 5 அடி உயர்த்தினாலோ நீர் ஆறிலொரு பங்களவே கூடும். தூண் கட்டும் செலவையும் குழாய் மாற்றும் செலவையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்க.

கடையில் பி.வி.சி. குழாய்க்குக் கூறப்படும் மில்லிமீற்றர் அளவு வெளிவிட்டமாகும். கணக்குக்கு வேண்டியது உள்விட்டம். அளவுகோலை உடன் கொண்டு செல்லுதல் நன்று.

1 அங்குலக் குழாயை 100 அடி புதைத்துவிட்டு, முனையில் ½ அங்குல நெகிழ்குழாய் 50 அடியைப் பொருத்தினால், நிமிடத்துக்கு 13 லீற்றருக்கு மேல் வராது. நெகிழ்குழாயையும் அகலமானதாகவே தெரிதல் வேண்டும். இயலாவிடின் அதன் நீளத்தைக் குறைத்து, புதைத்த குழாயில் இரண்டு மூன்று இடங்களில் வாய் வைத்துக்கொள்ளலாம்.

முழங்கை வளைவுகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டுவதில்லை. 1 அங்குல வளைவொன்று ஏறக்குறைய 2½ அடி நேர்குழாய்க்குச் சமம். நான்கு வளைவுகளுக்கு 10 அடியைக் குழாயின் நீளத்தோடு கூட்டிக் கணக்கிடுக. பழைய இரும்புக் குழாயில் துரு படிந்திருப்பின் இழப்பு, மேலே கூறியதைப் போல் இரு மடங்குக்கு மேலாகும். அத்தகைய குழாயை அடுத்த போகத்துக்கு முன் மாற்றிவிடுக. மாற்றும்போது தாங்கியின் வெளிவாயும் ½ அங்குலமாக விடப்பட்டுள்ளதா எனப் பார்த்துக்கொள்க.