வகுக்காமலே வகுபடுமா என்று சொல்லும் சூத்திரம்

ஓர் எண் மூன்றால் வகுபடுமா என்று அறிய, இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கப் பள்ளியில் கற்றோம். 0, 1 மட்டுமே கொண்ட இரும எண்களுக்கு அந்த வழி உதவாது. ஆனால் அவற்றுக்கும் ஒரு சூத்திரம் உண்டு:

(0|1(01*0)*1)*

நடுவில் உள்ள கோட்டுக்கு ‘அல்லது’ என்று பொருள். நட்சத்திரக் குறி, தனக்கு முன்னால் இருப்பது எத்தனை முறையும் வரலாம், வராமலும் போகலாம் என்கிறது. இந்த அமைப்புக்குள் அடங்கும் இரும எண்கள் அனைத்தும் மூன்றால் வகுபடும். அடங்காத எதுவும் வகுபடாது. ஒன்பதின் இரும வடிவமான 1001 அடங்குகிறது. ஐந்தின் வடிவமான 101 அடங்குவதில்லை.

ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படும் இத்தகைய சூத்திரத்தை யாரும் ஊகித்து எழுத வேண்டியதில்லை. ஓர் எளிய இயந்திரத்திலிருந்து அதைக் கறந்துவிடலாம்.

அந்த இயந்திரத்துக்கு மூன்றே நிலைகள்: மீதி 0, மீதி 1, மீதி 2. எண்ணை இடமிருந்து வலமாக ஒவ்வோர் இலக்கமாகப் படிக்கும். புதிய இலக்கம் வந்ததும் பழைய மீதியை இரட்டித்து, அந்த இலக்கத்தைக் கூட்டி, மூன்றால் வகுத்த மீதிக்கு நகரும். நிலை 0-இல் தொடங்கி நிலை 0-இலேயே முடிந்தால் எண் வகுபடும். நிலைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உள்ள இத்தகைய இயந்திரமே முடிவுறு தானியங்கி.

இனி நிலைகளை ஒவ்வொன்றாக நீக்குவோம். ஒரு பேருந்து நிலையத்தை மூடும்போது அதன் வழியே சென்ற தடங்களையெல்லாம் நேர்த்தடங்களாக மாற்றுவது போன்ற வேலை இது. நிலை 2-க்கு, நிலை 1-இலிருந்து 0 படித்து வருகிறோம். 1 வரும்போதெல்லாம் அங்கேயே சுற்றுகிறோம். மீண்டும் 0 வந்ததும் நிலை 1-க்குத் திரும்புகிறோம். எனவே நிலை 2-ஐ நீக்கி, நிலை 1-இன் மேல் 01*0 என்ற சுழலை எழுதலாம். அடுத்து நிலை 1-ஐ நீக்கினால், நிலை 0-இன் மேல் 1(01*0)*1 என்ற சுழல் கிடைக்கிறது. அங்கே ஏற்கெனவே இருந்த 0 சுழலையும் சேர்த்து நட்சத்திரமிட்டால் நம் சூத்திரம் தயார்.

எந்த முடிவுறு தானியங்கிக்கும் இப்படியொரு சூத்திரம் உண்டு, எந்தச் சூத்திரத்துக்கும் ஒரு தானியங்கி உண்டு என்று நிறுவியவர் அமெரிக்கக் கணிதவியலாளர் ஸ்டீபன் கிளீனி. மூளை நரம்புகளுக்கு மெக்கல்லக்கும் பிட்ஸும் 1943-இல் தந்த கணித மாதிரியை ஆராய்ந்தபோது அவர் இங்கே வந்து சேர்ந்தார். கட்டுரை 1956-இல் வெளியானது. நிலைகளை நீக்கும் முறையை 1963-இல் பிரசோசோவ்ஸ்கியும் மெக்கிளஸ்கியும் வகுத்தனர். எதிர்த்திசையில், சூத்திரத்தை இயந்திரமாக்கி உரைகளில் தேடும் வழியைக் கென் தாம்சன் 1968-இல் காட்டினார். இன்று நிரலாளர்கள் பயன்படுத்தும் தேடல் கருவிகள் பலவற்றின் வேர் அங்கே இருக்கிறது.

இந்த இரண்டு திசைகளும் சமமான செலவுடையவை அல்ல. சூத்திரத்தின் நீளத்துக்கு ஏற்ற அளவிலேயே ஓர் இயந்திரம் கட்டிவிட முடியும். இயந்திரத்திலிருந்து சூத்திரம் எடுக்கும்போதோ அது பன்மடங்கு வீங்கலாம். எல்லா நிலைகளும் ஒன்றோடொன்று தனித்தனிக் குறிகளால் இணைந்திருந்தால், 21 நிலைகள் கொண்ட இயந்திரத்துக்கே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குறிகள் தேவைப்படும் என்று 1976-இல் ஏரன்ஃபாய்க்டும் சீகரும் நிறுவினர். இதற்குக் குறுக்குவழியே கிடையாது. ஆனால் மற்ற பல இயந்திரங்களில், எந்த நிலையை முதலில் நீக்குகிறோம் என்பதைப் பொறுத்தே சூத்திரம் சுருங்கும் அல்லது நீளும். வந்துபோகும் தடங்கள் குறைவாக உள்ள நிலையை முதலில் நீக்குவது பொதுவாக நல்ல உத்தி.

மாணவர்கள் இந்த முறையை மனப்பாடம் செய்வதோடு நிறுத்திவிடக் கூடாது. ஒரு தாளில் ஐந்தால் வகுபடும் இரும எண்களுக்கான இயந்திரத்தை வரையுங்கள். ஐந்து நிலைகள் போதும். நிலைகளை இருவேறு வரிசைகளில் நீக்கி, கிடைக்கும் இரு சூத்திரங்களையும் 1010, 1111, 111 ஆகிய எண்களைக் கொண்டு சோதியுங்கள். முதல் இரண்டும் அடங்க வேண்டும், மூன்றாவது அடங்கக் கூடாது. இரண்டு சூத்திரங்களும் தோற்றத்தில் வேறுபட்டாலும் ஒரே விடையைத் தருவதை நீங்களே உறுதிசெய்வீர்கள்.