விரல்நுனியில் எழுத்து

ஆசிரியர் பாடத்தினிடையே 'அரை' என்கிறார். சற்று நேரங்கழித்து 'அறை' என்கிறார். இன்றைய பேச்சு வழக்கில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. பார்வையுள்ள மாணவன் கரும்பலகையைக் கண்டு வேறுபாட்டை அறிகிறான். பார்வையற்ற மாணவன் எதைக் கொண்டு அறிவான்? ஒலிப்பதிவையும் பேசும் கணினியையும் மட்டுமே நம்பி வளரும் குழந்தை, பாடப்பொருளை நன்குணர்ந்திருந்தும், எழுத்துக்கூட்ட இயலாமல் நின்றுவிடக்கூடும். புதிய கருவிகள் பள்ளிக்கு வரும்போது ஆசிரியர்களும் கள ஊழியர்களும் முதற்கண் சிந்திக்க வேண்டுவது இதுவேயாகும்.

ஆறு புள்ளிகள்

விரலால் படிக்கும் எழுத்தை வகுத்தவர் லூயி பிரெய்ல். 1809-இல் பிரான்சு நாட்டில் பிறந்த இவர், மூன்றாம் வயதில் தந்தையின் தோல் தொழிற்கூடத்தில் நேர்ந்த விபத்தின் விளைவாகப் பார்வையிழந்தார். 1824-இல், பதினைந்து வயதினராக இருந்தபோதே தமது முறையை உருவாக்கினார். இடப்புறம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்புறம் அவ்வாறே 4, 5, 6 என ஆறு புள்ளி இடங்கள். இவற்றைக் கொண்டு 63 வடிவங்களை ஆக்கலாம். ஒவ்வொரு வடிவமும் விரல்நுனிக்குள் அடங்குவதால் ஒரே தொடுகையில் உணரப்படுகிறது.

இந்தியாவில் முன்னர்ப் பல்வேறு பிரெய்ல் முறைகள் வழங்கி வந்தன. 1951-இல் பாரதி பிரெய்ல் என்னும் பொது முறை ஏற்கப்பட்டது. அதே ஆண்டில் டேராடூனில் மத்திய பிரெய்ல் அச்சகமும் நிறுவப்பெற்றது. ஒத்த ஒலியுடைய எழுத்துக்கு இந்திய மொழிகளில் ஒத்த வடிவம் என்பது இம்முறையின் அடிப்படை. ஆயினும் தமிழுக்குரிய எழுத்துகள் மறைந்துவிடவில்லை. லகரத்துக்கு 1, 2, 3. ளகரத்துக்கு 4, 5, 6. ழகரத்துக்கு 1, 2, 3, 5, 6 ஆகிய புள்ளிகள் உரியவை. ரகரமும் றகரமும் அங்ஙனமே வேறுபடுகின்றன. செவி பிரித்தறியாததை விரல் பிரித்தறிகிறது.

கருவிகளின் இயல்பு

பிரெய்ல் பலகையும் எழுத்தாணியும் எளிய கருவிகள், மின்சாரம் வேண்டா. தாளின் பின்புறம் வலமிருந்து இடமாகக் குத்தி, பின் தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். பெர்கின்சு தட்டச்சுப் பொறியில் புள்ளிக்கு ஒன்றாக ஆறு விசைகள் உள்ளன. இதில் புள்ளிகள் தாளின் மேற்புறமே எழும்புவதால், எழுதியதைக் குழந்தை உடனே தடவிப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். தொடக்க நிலைக்கு இது பெரிதும் உகந்தது.

மின்னணுப் பிரெய்ல் காட்டியில் சிறு ஊசிகள் எழும்பியும் தாழ்ந்தும் வரிக்கு வரி புதிய எழுத்துகளைத் தருகின்றன. மின்னழுத்தம் பட்டவுடன் வளையும் நுண்பட்டைகள் அவ்வூசிகளை உயர்த்துகின்றன. விலை மிகுதியாதலால் இது இன்னும் எளிதிற் கிட்டுவதில்லை. திரையிலுள்ளதை வாய்விட்டுப் படிக்கும் திரைவாசிப்பான் மென்பொருளோ இலவசமாகவே கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. இத்தகையது. நீண்ட பாடங்களை விரைந்து கேட்பதற்கு இதற்கு நிகரில்லை. ஆனால் எழுத்தறிவுக்கு இது ஈடாகாது.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

கரும்பலகையில் எழுதுவதை எழுதும்போதே சொல்லுக. 'இது', 'அங்கே' என்று சுட்டாமல் பொருளின் பெயரைக் கூறுக. குழந்தை கணினியைக் கேட்கும்போது ஒரு செவியில் மட்டும் காதொலிப்பானை அணிவித்தால், மறுசெவி வகுப்பினோடு இணைந்திருக்கும். தட்டச்சுப் பொறியின் அடியில் தடித்த துணி விரித்தால் ஓசை குறையும். புதிய சொல் வரும்போதெல்லாம் அதனைப் பிரெய்லில் எழுதச் செய்து, விரலால் படிக்கச் செய்க. பிறகு ஒலிநூலைக் கொடுக்கலாம்.

பள்ளிகளைப் பார்வையிடும் ஊழியர், கருவி வழங்கப்பட்டதா என்று பதிவேட்டில் காண்பதோடு அமையலாகாது. குழந்தையை ஒரு வாக்கியம் எழுதச் சொல்லிப் பார்த்தல் வேண்டும். அலமாரியில் பூட்டிய பொறியால் எவர்க்கும் பயனில்லை.

பார்வையற்ற குழந்தைகளுக்கு மிகவும் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கல்வி அளிக்கப்பட வேண்டும் என 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் விதிக்கிறது. பிறர் துணையின்றித் தன் பெயரைத் தானே எழுதி, பிழையைத் தானே கண்டு திருத்தும் குழந்தையிடத்தில்தான் அவ்விதி நிறைவேறுகிறது.